இந்தத் தடவை முடியாது என்று சொல்லப்போகிறேன்

தம்பி,

விளாத்திகுளத்தில் உனக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கு நான் செய்த காரியத்தை நீ மறந்திருக்க மாட்டாய். நீ மறந்தாலும் உன் அம்மா மறக்க விடமாட்டாள். அந்தப் பிள்ளை டீத் தட்டை நீட்டியதும், இடது கையால் எடுத்தால் மரியாதைக் குறைவாகிவிடுமே என்று, வேலைக்கு ஆகாத என் வலது கையை நீட்டி டம்ளரைப் பிடித்தேன். பிடித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன். கை அப்படி நினைக்கவில்லை. பாதி டீ என் கைமேல் வழிந்தது, மீதி டீ பக்கத்தில் இருந்த பெண்ணின் அப்பாவுடைய வெள்ளை வேட்டியில் போய் இறங்கியது. அந்த மனிதர் எழுந்து வேட்டியை உதறிக்கொண்டே, “கையில என்ன அண்ணாச்சி?” என்று கேட்டார். நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, “ஒண்ணுமில்ல, லேசா சுளுக்கு” என்றேன். வருஷம் தாண்டியும் விடாத சுளுக்கு! உன் அம்மா முந்தானையால் துடைக்கக் குனிந்து, அது சம்பந்தியாகப் போகிறவரின் வேட்டி என்று பாதியில் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டாள். நீ மின்விசிறியையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அது எப்படிச் சுற்றுகிறது என்று யாரோ உன்னிடம் கேள்வி கேட்டிருந்த மாதிரி.

திரும்பி வரும்போது பஸ் உப்பளம் பக்கம் வந்தது. நீ குனிந்து என் காதோரம் சொன்னாய்: “அப்பா, அந்த அப்பீல இப்பம் போட வேண்டாம். ஊனம்னு சொல்லி கேஸ் நடத்துதாங்கன்னு அவங்க காதுக்குப் போனா என்ன நெனைப்பாங்க? கல்யாணம் முடியட்டும். அப்படியே போடாட்டியும் இப்பம் என்ன? எனக்குத்தான் சம்பளம் வருதுல்லா. நான் பாத்துக்கிடுதேன்.” நான், “கண்டக்டர் வாரான், பேசாம இருலே” என்று சொல்லி உன் வாயை அடைத்தேன். கண்டக்டர் வரவில்லை. எனக்குப் பதில்தான் வரவில்லை. வரவேண்டிய பதிலை இப்போது உட்கார்ந்து இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கையால் எழுதிய காலத்திலும் அது நேராக இருந்ததில்லை. எங்கள் தொழிற்சங்க ஆபீஸில் இருக்கும் பாக்கியம் அக்கா இதை ஆண்டு மலரில் போடப்போவதாகச் சொல்லுகிறாள். போடட்டும். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் படித்துச் சிரிக்கட்டும், சிரித்து முடித்தபிறகு கொஞ்சம் யோசிக்கட்டும். உன் பேரை எழுதவில்லை, என் பேரையும்தான்.

என் கை எப்படிப் போயிற்று என்று உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. ஓசூரிலிருந்து நீ பதறிக்கொண்டு வந்து இறங்கியபோது பார்த்தது மாவுக்கட்டை மட்டும்தான். மரத் தடிகளை ஏற்றி வந்த கப்பல் அது. ஆட்கள் கப்பலுக்குள் இறங்கி, தடிக்கு அடியில் இரும்புக் கயிற்றைக் கொடுத்து மாட்டுவார்கள். கிரேனில் உட்கார்ந்திருக்கும் அந்தோணிக்கு உள்ளே நடப்பது தெரியாது. மேல்தளத்தில் சரக்கு இறக்குகிற திறப்பு, ஹேட்ச் என்போம், அதன் ஓரத்தில் ஒரு ஆள் நின்று கையால் காட்டுகிற ஜாடைதான் அவனுக்குக் கண். அந்த ஆள் நான். உள்ளங்கையை மேலே ஆட்டினால் தூக்கு, கீழே ஆட்டினால் இறக்கு, விரல் நுனியைத் தட்டினால் மெதுவாக, கையை மூடினால் நிறுத்து. அன்றைக்குத் தொங்கிக்கொண்டிருந்த தடி ஒன்று சுற்ற ஆரம்பித்தது. கையை மூடினேன். அந்தோணி உடனே நிறுத்தினான். கிரேன் நின்றது, தடி நிற்கவில்லை. சுற்றி வந்து என் முன்கையை ஹேட்ச் விளிம்போடு வைத்து நசுக்கிவிட்டது. அந்தோணி மேல் எந்தத் தப்பும் இல்லை. அவன்தான் இன்னும் அதை நம்ப மாட்டேன் என்கிறான்.

டாக்டர்கள் எலும்பைச் சேர்த்துவிட்டார்கள், நரம்பைச் சேர்க்க முடியவில்லை. விரலெல்லாம் அதது இடத்தில் இருக்கிறது. மோதிரம் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் மடங்காது, பிடிக்காது, தொட்டால் தெரியாது. வெட்டுப்பட்டுப் போயிருந்தால் பார்க்கிறவனுக்குச் சட்டென்று புரியும். இது இருக்கிற கை. “கைதான் இருக்குல்லா, பெறவு என்ன?” என்று டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறவன்கூடக் கேட்கிறான். இருக்கிற கைக்காக வழக்காடுவது கஷ்டம் தம்பி.

நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன். அதற்கப்புறம் நான் படித்த பாடம் துறைமுக கேட் முன்னால் படித்ததுதான். காலையில் வரிசையாக நிற்போம். மேஸ்திரி வந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்து, “ஏலே, முடியுமாலே?” என்பார். என்ன வேலை, எந்தக் கப்பல் என்று கேட்கக் கூடாது. “முடியும் அண்ணாச்சி” என்று முந்திச் சொல்கிறவனுக்கு அன்றைக்கு வேலை, யோசித்து நிற்கிறவன் வீட்டுக்கு நடக்கலாம். காய்ச்சலோடு நின்று முடியும் என்றிருக்கிறேன். முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் நின்று முடியும் என்றிருக்கிறேன். நீ பிறந்த அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக கேட்டுக்குப் போய் முடியும் என்றேன், உன் அம்மா அதை இன்னும் எல்லாச் சண்டையிலும் எடுக்கிறாள். எங்கள் ஜாடையைத்தான் பாரேன்: தூக்கு உண்டு, இறக்கு உண்டு, மெதுவாக உண்டு, நிறுத்து உண்டு. முடியாது என்பதற்கு ஒரு ஜாடை கிடையாது. யாருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது.

இப்படிப்பட்டவனைத் தொழிலாளர் காப்பீட்டு ஆபீஸிலிருந்து மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள். வேலையில் அடிபட்டு, இனிச் சரியாகாது என்று ஆகிவிட்டால், சம்பாதிக்கிற சக்தியில் எவ்வளவு போயிற்று என்று டாக்டர்கள் பார்த்து ஒரு சதவீதம் போடுவார்கள். அந்தச் சதவீதத்தையும் வாங்கிக்கொண்டிருந்த சம்பளத்தையும் வைத்து மாதாமாதம் ஒரு தொகை, உயிர் இருக்கிறவரைக்கும் வரும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? மாப்பிள்ளை மாதிரிப் போனேன். முகம் மழித்து, தலைக்கு எண்ணெய் வைத்து, தீபாவளிக்கு நீ எடுத்துக்கொடுத்த சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. பெரிய டாக்டர்கள் முன்னால் அழுக்காகப் போய் நிற்கலாமா என்று ஒரு நினைப்பு.

உள்ளே மேசைக்குப் பின்னால் டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் என் கையை மரியாதையாகத்தான் பிடித்துப் பார்த்தார். அப்புறம், “இந்தக் கையால ஏதாவது தூக்க முடியுமா?” என்று கேட்டார். முடியுமா என்ற சொல் காதில் விழுந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்தது. “முடியும் சார்.” சொன்னதோடு விட்டேனா? பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடிக்குள் முழங்கையைக் கொடுத்துத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினேன். “எழுத முடியுமா?” என்றார். அவர் கேட்டது வலது கையை. நான் பேனாவை வாங்கி இடது கையால் முழுப் பேரையும் எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன். வீட்டில் பழகியதை எங்கேயாவது காட்ட வேண்டாமா? “சட்டை பட்டன் எல்லாம் யார் போட்டுவிடறாங்க?” “நானே போட்டுக்கிடுவேன் சார்.” அந்தப் பட்டனைப் போட்டுவிட்ட உன் அம்மா வெளியே வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர், “வெரி குட்” என்றார்.

வெளியே வந்ததும் அந்தோணியிடம், “டாக்டரு வெரி குட்னு சொல்லிட்டாருலே” என்றேன். “அப்பம் பாஸா?” என்றான். “பாஸ்” என்றேன். ரெண்டு முட்டாள்களும் சேர்ந்து அந்தச் சந்தோஷத்தில் டீயும் வடையும் சாப்பிட்டோம். மார்க் கூடினால் வரும்படி குறைகிற பரீட்சை உலகத்தில் அது ஒன்றுதான் என்று தபால் வந்தபிறகுதான் உறைத்தது. அவர்கள் போட்டிருந்த சதவீதத்துக்கு மாதம் வருவது, நரம்புக்கு நான் போடுகிற மாத்திரையோடு தீர்ந்துபோகும். டாக்டர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. கண்ணெதிரே ஒருத்தன் நாற்காலியைத் தூக்கி ஆட்டினால் அவர்கள்தான் என்ன எழுதுவார்கள்?

தபாலை எடுத்துக்கொண்டு பாக்கியம் அக்காவிடம் போனேன். என்னைவிடச் சின்னவள்தான், ஆனால் சங்கத்தில் எல்லாருக்கும் அக்கா. நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள். நாற்காலி வந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“ஏன் அண்ணாச்சி, மெடிக்கல் போர்டுக்குப் போனீங்களா, சர்க்கஸுக்குப் போனீங்களா?”

“அவரு முடியுமான்னு கேட்டாரும்மா.”

“கடலத் தாண்ட முடியுமான்னு கேட்டா, வேட்டிய மடிச்சுக் கட்டிருவீங்களோ?”

அதற்கும் நான் முடியும் என்றுதான் சொல்லியிருப்பேன் என்று அவளிடம் ஒத்துக்கொள்ளவில்லை. இந்த முடிவை எதிர்த்து மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு போடலாம் என்றும், நீதிபதி முன்னால் மறுபடி டாக்டர்களை வைத்துப் பார்ப்பார்கள் என்றும், கெடு தாண்டினால் இதே சதவீதம்தான் காலத்துக்கும் என்றும் விளக்கினாள். நான் ரோஷமாக, “பாக்கியம், எனக்கு நடிக்கத் தெரியாது, சொல்லிட்டேன்” என்றேன். அவள் சிரிக்கவில்லை. “நடிக்கச் சொல்லல அண்ணாச்சி. போன தடவ நடிச்சீங்கள்லா, அத நிப்பாட்டச் சொல்லுதேன்” என்றாள். அந்தச் சொல் என்னை அங்கேயே உட்கார வைத்துவிட்டது.

அந்தோணி வேறு மாதிரி யோசனை சொன்னான். “தாடி விடுலே. துண்ட எடுத்து கைக்கு ஒரு தொட்டில் கட்டு. அவங்க கேக்கதுக்கு முன்னாலயே ‘ஐயோ’ன்னு ஒரு சத்தம் குடு.” கண்ணாடி முன்னால் நின்று ஒரு தடவை செய்தும் பார்த்தேன். துண்டும் முனகலுமாக, கோயில் கொடைத் திருவிழா நாடகத்தில் சாகக் கிடக்கிற ராஜா வேஷம் போட்டவன் மாதிரி இருந்தது. உன் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “இந்தக் கோலத்துல மகன் கல்யாணத்துக்கு வந்தீங்கன்னா, நான் உங்கள யாருன்னு தெரியாதுன்னு சொல்லிருவேன்” என்றாள். அது வேண்டாம் என்று முடிவு செய்தேன். கூட்டிச் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். வீட்டில் ஒரு சாதாரண நாளில் இந்தக் கை என்ன செய்கிறதோ அதை மட்டும் சொல்லுவேன்.

அது என்ன என்று உனக்கும் தெரிய வேண்டும். நீ ஊருக்கு வருகிற நாளெல்லாம் நானும் உன் அம்மாவும் சேர்ந்து மறைத்திருக்கிறோம். வேட்டி கட்ட என்னால் முடியாது, என் மானம் இப்போது பெல்ட்டின் பொறுப்பில் இருக்கிறது. சோறு பிசைய முடியாது. உன் அம்மா பிசைந்து வைப்பாள், நான் ஸ்பூனால் அள்ளுவேன். நீ வந்தால் மட்டும், “பசிக்கல, நீ சாப்பிடுலே, நான் பெறவு சாப்பிடுதேன்” என்பேன். பைக் ஓட்ட முடியாது. ‘பெட்ரோல் விக்கிற விலையில’ என்று நான் சொன்னதை நீ நம்பினாய். ஒரு பாட்டில் மூடியைத் திறக்க முடியாது. கேட் முன்னால் போய் நின்று பார்த்தேன் ஒருநாள். மேஸ்திரி எல்லாரையும் கேட்டுக்கொண்டே வந்தார், என்னிடம் வந்ததும் கேட்காமல் தோளைத் தட்டிவிட்டுத் தாண்டிப் போனார். நல்ல மனுஷன்தான். ஆனால் முடியுமா என்றுகூடக் கேட்கவில்லை பார். அன்றைக்கு எனக்கு வந்த அழுகையை பீச் ரோட்டுக் காற்றில் காயவைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன்.

இனி உன் பேச்சுக்கு வருகிறேன். நீ என்னைப் பார்த்துக்கொள்வாய், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆனால் நீ கொடுப்பது வேறு, எனக்கு வரவேண்டியது வேறு. நான் வேலை பார்த்த ஒவ்வொரு மாதமும் என் கூலியிலிருந்து இதற்கென்று பிடித்தார்கள். பிடிக்கும்போதெல்லாம் முனகியிருக்கிறேன், எதற்கு என்று அப்போது புரியாமல். இதற்குத்தான். இது தர்மம் இல்லை, இனாம் இல்லை, இரக்கப்பட்டு யாரும் போடுவதில்லை. என் கை போனதற்கு ஈடு செய்ய வேண்டிய இடம் ஒன்று இருக்கும்போது, அதை விட்டுவிட்டு உன் சட்டைப்பையில் கைவிட்டேன் என்றால், அந்த இடம் கொடுக்க வேண்டியதை நீ கொடுத்த மாதிரி ஆகும். நீ ஏன் கொடுக்க வேண்டும்? நாளைக்கு அந்தப் பிள்ளை நம் வீட்டுக்கு வரும். மாமனாரின் மாத்திரைச் செலவைப் பார்த்து நீங்கள் ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் பேச வேண்டாம். என் கையில் என் பணம் இருந்தால், நீ தருகிறதைப் பாசம் என்று சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் உன் முகத்தைப் பார்த்துப் பார்த்து வாங்க வேண்டியிருக்கும். எனக்கு அது ஆகாது. ஆகையால், பஸ்ஸை விட்டு இறங்கிய மறுநாளே போய் மேல்முறையீட்டைப் போட்டுவிட்டேன். கெடு கல்யாணத்துக்குக் காத்திருக்காது. விசாரணை வருகிற திங்கட்கிழமை.

இன்னொன்றும் கேள். போன மாதம் போனில் முகம் காட்டிப் பேசும்போது உன் விரலில் துணி சுற்றியிருந்தது. என்னலே என்றதும், “ஒண்ணுமில்லப்பா, மெஷின்ல லேசா கீறிட்டு” என்றாய். விளாத்திகுளத்தில் நான் சொன்ன சுளுக்குக்குக் கூடப்பிறந்த தம்பி அது. உன் அம்மாவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் சொல்லு, அதைக் கம்பெனியில் எழுதிவைத்தாயா? எழுதியிருக்க மாட்டாய். சின்னக் காயத்துக்கெல்லாம் போய் நின்றால் சூப்பர்வைசர் என்ன நினைப்பான் என்று இருந்திருப்பாய். அவன் நினைத்துவிட்டுப் போகட்டும். கீறலாக இருந்தாலும் விபத்துப் புத்தகத்தில் பதியச் சொல், டாக்டரைப் பார், சீட்டை வாங்கி வை. உன் கூட வேலை பார்க்கிற பையன்களுக்கும் சொல்லு. முடியும் என்று சொல்வதற்கு நம் வீட்டில் யாரும் உனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. முடியாதபோது முடியாது என்று சொல்ல நான் இந்த வயசில் பழகிக்கொண்டிருக்கிறேன், நீ இப்போதே பழகு.

நீ பயந்த இன்னொரு விஷயத்தையும் முடித்துவிட்டேன். முந்தாநாள் நானே விளாத்திகுளத்துக்குப் போன் போட்டேன். உன் அம்மா வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். “அண்ணாச்சி, அன்னைக்கு ஒரு பொய் சொல்லிட்டேன். அது சுளுக்கு இல்ல. கப்பல்ல அடிபட்டு கை போயிட்டு. நிரந்தர ஊனம்னு காசு வாங்குதேன், கூட வேணும்னு அப்பீலும் போட்டிருக்கேன். பொண்ணு குடுக்க யோசன இருந்தா இப்பமே சொல்லிருங்க” என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

“எனக்கு அன்னைக்கே தெரியும் அண்ணாச்சி” என்றார் அவர். “கொதிக்கக் கொதிக்க டீ எங்க வீட்டு டீ. என் வேட்டியில பட்டதுக்கே நான் துள்ளிட்டேன். உங்க கைமேல பாதி டம்ளர் ஓடுது, நீங்க சிரிச்சுக்கிட்டு இருக்கீங்க. சுளுக்குன கைக்குச் சூடு தெரியாமலா இருக்கும்?”

“பெறவு ஏன் கேக்கல?”

“நீங்க சொல்ல மாட்டேன்னுதான சுளுக்குன்னீங்க. நான் எப்படிக் கேக்க? நிச்சயதார்த்தத்துல தட்டு மாத்தும்போது உங்க பக்கத்தையும் சேத்து நான் தாங்கிக்கிடுதேன். நீங்க சும்மா தொட்டுக்கிட்டு நில்லுங்க, போதும்.”

அந்த மனிதருக்கு ஒரு நல்ல வேட்டி எடுத்துக் கொடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு வரும்போது ஞாபகப்படுத்து.

அந்தப் பிள்ளை வழியாக விஷயம் உன் காதுக்கு வந்து, நேற்றைக்கு நீ கூப்பிட்டாய். திட்டப்போகிறாய் என்று நினைத்துத்தான் போனை எடுத்தேன். நீ திட்டவில்லை. “அப்பா, திங்கக்கிழம நான் லீவு போட்டுட்டு வாரேன். உள்ள உங்க கூட நிக்கேன்” என்றாய். நான், “நீ எதுக்குலே? கல்யாணத்துக்கே உனக்கு லீவு பத்தாது. உங்க அம்மா வாரா, அந்தோணி வாரான், பாக்கியம் அக்கா வாரா. கூட்டமாத் திரண்டு போக இது என்ன குலசைத் தசராவா?” என்று சொல்லிச் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் “சரிப்பா” என்று சொல்லும்போது உன் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது. நான் உன்னை வேண்டாம் என்று தள்ளியதாக நினைத்திருப்பாய்.

வேண்டாம் என்றதற்கு லீவு காரணமில்லை தம்பி. நீதிபதி முன்னால் என்னால் முடியாது என்று சொல்லிவிடுவேன். டாக்டர்கள் முன்னால், அந்தோணி முன்னால், உன் அம்மா முன்னால்கூடச் சொல்லிவிடுவேன். நீ அந்த அறையில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும், அவர்கள் கேட்டு முடிப்பதற்குள் என் வாய் முடியும் என்று சொல்லிவிடும்.